அன்னமும் நிழலும்: அண்டர்சன் கதைகளிற் புரவலர் உறவு

1

டென்மார்க் நாட்டு எழுத்தாளரான ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன் (1805 - 1875) 150க்கும் மேற்பட்ட கதைகளை எழுதியவர். அவை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டுள்ளன. அவர் பிறந்த நாளாகிய ஏப்பிரல் 2ஆந் திகதி, 1967ஆம் ஆண்டு தொடக்கம் சர்வதேசச் சிறுவர் நூல் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. அவரது கடற்கன்னிக்கு 1913ஆம் ஆண்டிலே கோப்பன்ஹேகன் துறைமுகத்திற் சிலை நிறுவப்பட்டது. இத்துணைப் புகழும் ஒரு வகையில் அவருக்குத் தடையாகவே அமைந்துவிட்டது எனல் வேண்டும். சிறுவர்க்குக் கதை சொன்ன கனிந்த உள்ளத்தவர் என்னும் சித்திரம் அவரது எழுத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றது.

இச்சித்திரத்தை முதலில் எதிர்த்தவர் அண்டர்சனேயாவார். அவரது இறுதிக் காலத்தில், கோப்பன்ஹேகன் அரச பூங்காவில் அவருக்குச் சிலையெழுப்பத் திட்டமிடப்பட்டது. சிறுவர்கள் அவரைச் சூழ்ந்து நெருங்கி நிற்பதாக வரையப்பட்ட மாதிரிகள் அவருக்குக் காட்டப்பட்டபோது அவர் சினமுற்றார். தமது கதைகள் சிறுவர்க்கு மட்டுமன்றி முதியோர்க்கும் உரியன என்பது அவரது நிலைப்பாடு. 1880ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட சிலையில் அவர் தனித்தே அமர்ந்திருக்கின்றார். நூல்களின் தலைப்புக்களிலும் இம்மாற்றத்தைக் காணலாம். 1835ஆம் ஆண்டின் முதல் தொகுதி ‘சிறுவர்க்குச் சொல்லப்பட்ட கதைகள்’ என்னும் பெயருடன் வெளிவந்தது. 1843ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த தொகுதியிற் ‘சிறுவர்க்கு’ என்னும் குறிப்பு நீக்கப்பட்டு விட்டது.

முதியோர்க்கு அக்கதைகளில் இருப்பது யாது என்பதே விமர்சனம் எழுப்பவேண்டிய வினாவாகும். வறிய குடும்பமொன்றிற் பிறந்து, பிறர் தயவினாற் கல்வி பெற்று, உயர்ந்தோர் சபையில் இடம்பெற்ற ஒருவன், அவ்விடத்துக்காகக் கொடுத்த விலை யாது? அண்டர்சனின் சிறந்த கதைகள் யாவும் ஏதோ ஒரு வகையில் இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று, ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’, உலகம் முழுவதும் அறிந்த விடையாகும். ஏனைய விடைகள் அதனோடு முரண்படுகின்றன. அம்முரண்பாட்டை ஆராயாது அண்டர்சனை மதிப்பிடல் இயலாது.

2

அண்டர்சன் 1805ஆம் ஆண்டு, பியூன் தீவிலுள்ள ஓடென்சே நகரிற் பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. தாயார் பிறர் துணிகளை ஆற்றில் வெளுத்துப் பிழைத்தவர். தந்தையார் கல்வி வாய்ப்பு இழந்தவராயினும் வாசிப்பில் ஆர்வமுள்ளவர். அராபிய இரவுக் கதைகளையும் ஹோல்பர்க்கின் நாடகங்களையும் அவரே மகனுக்கு வாசித்துக் காட்டினார். தாயாரோ எழுத்தறிவு அரிதாகப் பெற்றவர். தந்தைவழிப் பாட்டியார் ஓடென்சேயின் மனநோயாளர் இல்லத் தோட்டத்திற் பணிபுரிந்தார். அங்கே நூல்நூற்ற முதிய பெண்கள் கூறிய நாட்டார் கதைகள் சிறுவனின் செவியில் விழுந்தன. இவ்வாறு அச்சிட்ட நூலும் வாய்மொழிக் கதையும் ஒரே காலத்தில் அவரை வந்தடைந்தன.

அக்காலத் தென்மார்க்கு நெருக்கடிகள் நிறைந்த நாடாகவிருந்தது. 1807ஆம் ஆண்டிற் பிரித்தானியக் கடற்படை கோப்பன்ஹேகன் மீது குண்டுமாரி பொழிந்தது. 1813ஆம் ஆண்டில் அரசு வங்குரோத்தடைந்தது. 1814ஆம் ஆண்டில் நோர்வே கைவிட்டுப் போயிற்று. நெப்போலியனிடத்துப் பெருமதிப்புக் கொண்டிருந்த தந்தையார், பணம் பெற்று வேறொருவருக்குப் பதிலாகப் படையிற் சேர்ந்து, நலிந்த உடலுடன் திரும்பி 1816ஆம் ஆண்டில் இறந்தார். 1849ஆம் ஆண்டில் அரசியலமைப்பு வரும்வரை அங்கு முழு முடியாட்சியே நிலவியது. அரச உத்தியோகத்தர், மதகுருமார், பேராசிரியர், பெருவணிகர் ஆகியோரைக் கொண்ட சிறிய வட்டமே தலைநகரின் கலையிலக்கிய வாழ்வை நடத்தியது. அவ்வட்டத்துக்குள் நுழைவதற்குச் சப்பாத்துத் தொழிலாளியின் மகனுக்கு ஒரே வழிதான் இருந்தது. அது புரவலரின் ஆதரவாகும்.

1819ஆம் ஆண்டு, 14 வயதில், அண்டர்சன் தனியே கோப்பன்ஹேகன் சென்றார். அரச நாடக அரங்கிற் பாடகனாகவும் நடனக்காரனாகவும் முயன்று 1822ஆம் ஆண்டில் விலக்கப்பட்டார். அவர் எழுதிக் கொடுத்த நாடகங்கள், ஆரம்பக் கல்வியும் இல்லாதவரின் ஆக்கங்கள் என்று திருப்பியனுப்பப்பட்டன. ஆயினும் அரங்கின் பணிப்பாளர்களுள் ஒருவரான யோனாஸ் கொலின் அவரிடத்துத் திறமையைக் கண்டார். கொலினின் முயற்சியால் அரச நிதியிலிருந்து உதவி கிடைத்தது. 17 வயது இளைஞன் ஸ்லாகெல்சே நகரின் இலத்தீன் பாடசாலையிற் பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவரோடு ஒரே வாங்கில் அமர நேர்ந்தது. அதிபர் மைஸ்லிங் அவரை ஓயாது ஏளனஞ் செய்தார். கவிதை எழுதுவதும் தடைசெய்யப்பட்டது. 1828ஆம் ஆண்டில் அவர் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையிற் சித்தியெய்தினார். 1833ஆம் ஆண்டில் அரசரின் பயண மானியம் பெற்று இத்தாலி சென்றார். 1838ஆம் ஆண்டு தொடக்கம் ஆண்டுக்கு 400 றிக்ஸ்டேலர் உதவிப்பணமும் கிடைத்தது.

அவர் உரோமாபுரியிலிருந்த 1833ஆம் ஆண்டிலேயே ஓடென்சேயின் வறியோர் இல்லமொன்றில் தாயார் இறந்தார். குளிர்ந்த ஆற்றில் நின்று துணி வெளுத்த காலத்திற் பழகிய சாராயம் இறுதிவரை அவரை விடவில்லை. மகன் புரவலரின் பணத்தில் உரோமாபுரியின் கலைச்செல்வங்களைக் கண்டுகொண்டிருக்கையிற் செய்தி வந்தது. அவரது வாழ்வின் இரு கரைகளும் எத்துணைத் தூரம் விலகிச் சென்றுவிட்டன என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

3

புரவலர் உதவியின்றிக் கலைத்திறன் வளருமா என்பது அண்டர்சனை நீண்டகாலம் வாட்டிய வினா. 1837ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஒரு பிடில்காரன் மாத்திரம்’ என்னும் நாவலில், பிறவித்திறன் வாய்ந்த ஏழை இளைஞனொருவன் ஆதரிப்பார் இன்றி வீணாய் மடிகின்றான். அடுத்த ஆண்டிலே, பின்னர் தத்துவ ஞானியாகப் புகழ்பெற்ற கீர்க்ககாட் தமது முதல் நூலை வெளியிட்டார். அந்நூல் இந்நாவலைக் கடுமையாகக் கண்டிப்பதாக அமைந்தது. மேதைமை காற்றில் அணைந்துபோகும் திரியன்று, புயல் வீச வீசக் கொழுந்துவிடும் தீ என்பது அவரது வாதத்தின் சாரம். வாழ்க்கை பற்றித் தெளிந்த நோக்கு அண்டர்சனிடம் இல்லை என்றும் அவர் குறைகூறினார்.

கீர்க்ககாட்டின் கண்டனத்திற் கலையியல் சார்ந்த உண்மை உண்டு. கதாநாயகன் மீதான இரக்கமும் ஆசிரியர் தம்மீது கொண்ட இரக்கமும் அந்நாவலிற் கலந்துவிடுகின்றன. ஆயினும் இவ்விவாதத்தில் ஈடுபட்ட இருவரது சமூக நிலையும் கருத்திற் கொள்ளத்தக்கது. கீர்க்ககாட் செல்வ வணிகரொருவரின் மகன். தந்தையார் வைத்துச் சென்ற சொத்து அவரது எழுத்து வாழ்வைத் தாங்கியது. மேதைமைக்குப் புறத்துணை வேண்டியதில்லை என்று கூறுவது அவருக்கு எளிது. பசியும் குளிரும் திறமையை அணைத்துவிடக்கூடியன என்பதை அண்டர்சன் கோப்பன்ஹேகனில் நேரிற் கண்டவர். ஒருவர் தத்துவமாகக் கூறிய இடத்தில் மற்றவர் அனுபவத்தைக் கூறினார். அவ்வனுபவத்துக்கு நாவல் ஏற்ற வடிவமாக அமையவில்லை என்பதே குறை. ஏற்ற வடிவத்தை அவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். அதன் பெறுமதியை அவர் இன்னும் முழுமையாக உணரவில்லை.

அவ்வடிவம் 1835ஆம் ஆண்டு மே மாதத்தில், நான்கு கதைகள் கொண்ட சிறு நூலாக வெளிவந்திருந்தது. அதே ஆண்டில் வெளியான ‘ஆசுகவி’ என்னும் நாவல் அண்டர்சனுக்குப் புகழ் தரும், கதைகளோ அழியாத வாழ்வைத் தரும் என்று மின்காந்தவியலின் முன்னோடியான விஞ்ஞானி ஓர்ஸ்ரெட் கூறினார். இதனை அண்டர்சன் அன்று நம்பவில்லை. விமர்சகரும் கதைகளை வரவேற்கவில்லை. அவை பேசுவது போல எழுதப்பட்டுள்ளன, நீதி எதனையும் போதிக்கவில்லை என்பன அவர்கள் கண்ட குறைகள்.

குறையாகக் கூறப்பட்ட அப்பேச்சு நடையே அண்டர்சனின் பெருஞ் சாதனையாகும். ஜேர்மனியின் கிறிம் சகோதரர் 1812ஆம் ஆண்டு தொடக்கம் நாட்டார் கதைகளைத் திரட்டி, அவற்றுக்கு ஒழுங்கான எழுத்துநடை ஒன்றை அமைத்தனர். அண்டர்சன் அவ்வாறு செய்யவில்லை. கதை சொல்பவனின் குரலையும், இடைநிறுத்தங்களையும், ஓசைக் குறிப்புக்களையும், எள்ளலையும் அப்படியே அச்சிற் கொணர முயன்றார். சிறுவரிடம் அவர் கதை கூறும்போது குரலாலும் சைகையாலும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நடித்துக் காட்டுவார் என்று யோனாஸ் கொலினின் மகன் எட்வேட் கொலின் 1882ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நினைவுகூர்ந்துள்ளார். 1869ஆம் ஆண்டில் இளம் விமர்சகரான ஜோர்ஜ் பிராண்டெஸ் எழுதிய கட்டுரையே இதன் முக்கியத்துவத்தை முதன்முதலிற் சரியாக எடுத்துரைத்தது. இலக்கணமுறையான எழுத்துநடையை மீறிப் பேச்சின் உயிர்ப்பை எழுத்துக்குக் கொணர்ந்தமையே அண்டர்சனின் கலைத்துணிவு என அவர் காட்டினார்.

இதன் சமூகப் பொருளும் நோக்கற்பாலது. பாடசாலையும் புரவலர் இல்லமும் அண்டர்சனுக்குக் கற்பித்தது உயர்ந்தோரின் எழுத்துமொழி. நாடகத்திலும் நாவலிலும் அவர் அம்மொழியிற் போட்டியிட்டார். அங்கு அவர் என்றும் மாணவரே. கதைகளிலோ நூல்நூற்ற பெண்களிடமும் வெளுக்கும் ஆற்றங்கரையிலும் கேட்ட மொழிக்குத் திரும்பினார். தாம் விட்டு வந்த உலகம் அவருக்கு அளித்த ஒரே செல்வம் அது. அதனைக் கொண்டே அவர் தலைநகரை வென்றார்.

4

அம்மொழியுடன் அவ்வுலகின் பார்வையும் கதைகளுள் நுழைந்தது. ‘சக்கிமுக்கிப் பெட்டி’யில் வேலையற்ற போர்வீரன் ஒருவன், தன் நாய்களை ஏவி நீதிபதிகளையும் அரசனையும் அரசியையும் தூக்கியெறிந்துவிட்டுத் தானே அரசனாகின்றான். முழு முடியாட்சி நிலவிய நாட்டில், சிறுவர்க்குச் சொல்லப்பட்ட கதை என்ற பெயரில் இது வெளிவந்தது.

1837ஆம் ஆண்டின் ‘சக்கரவர்த்தியின் புதிய ஆடைகள்’ இதனினும் நுட்பமானது. இதன் மூலம் பதினான்காம் நூற்றாண்டில் டொன் யுவான் மனுவேல் என்னும் ஸ்பானியப் பிரபு தொகுத்த கதையொன்றாகும். மூலக்கதையில் அந்த ஆடை, தன் தந்தைக்கே உண்மையிற் பிறந்தவனல்லாதவனின் கண்ணுக்குத் தெரியாது. அங்கு பரீட்சிக்கப்படுவது பிறப்பின் தூய்மை. அண்டர்சன் இதனை மாற்றினார். அவரது கதையில், தன் பதவிக்குத் தகுதியற்றவனுக்கும் மூடனுக்கும் ஆடை தெரியாது. இங்கு பரீட்சிக்கப்படுவது உத்தியோகத் தகுதியாகும். நிலமானியப் பிரபுக்களின் அச்சம், உத்தியோகத்தர் ஆட்சியின் அச்சமாக உருமாறுகின்றது. தகுதியில்லை என்று பன்முறை திருப்பியனுப்பப்பட்ட ஒருவர், தகுதியை நிர்ணயிப்போரே தம் தகுதியைப்பற்றி அஞ்சி நடுங்குவதைக் காட்டுகின்றார். சிறுபிள்ளை உண்மையைக் கூவும் புகழ்பெற்ற முடிவு முதற்பிரதியில் இல்லை. அச்சுக்குச் சென்றபின் திருத்தத்தின்போதே சேர்க்கப்பட்டது. அதனைவிடக் கூர்மையானது அதற்குப் பின்வரும் பகுதி. உண்மையை உணர்ந்த பின்னரும் சக்கரவர்த்தி ஊர்வலத்தை நிறுத்தவில்லை. இல்லாத ஆடையின் தலைப்பைப் பிரதானிகள் தொடர்ந்தும் தூக்கிச் செல்கின்றனர்.

1843ஆம் ஆண்டின் ‘நைற்றிங்கேல்’ கதையில், சீனச் சக்கரவர்த்தியின் அரண்மனையில் உண்மைப் பறவையின் பாட்டை அறிந்திருப்பவள் சமையலறைச் சிறுமி ஒருத்தியே. பிரபுக்கள் பசுவின் குரலையும் தவளையின் ஒலியையும் பறவையின் பாட்டு என வியக்கின்றனர். அச்சிறுமிக்குக் கிடைக்கும் வெகுமதி சமையலறையில் நிரந்தர வேலையும், சக்கரவர்த்தி உண்பதைக் காணும் உரிமையுமாகும். பறவையோ இறுதியில் அரண்மனையில் வாழ மறுத்து, விரும்பிய வேளையில் வந்து பாடும் சுதந்திரத்தைக் கேட்கின்றது. புரவலருக்கும் கலைஞனுக்கும் இடையே இருக்கவேண்டிய உறவு பற்றி அண்டர்சன் கண்ட கனவு இதுவெனலாம்.

5

இதே தொகுதியிலேதான் ‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ம் வெளிவந்தது. பிரபுக்களின் பண்ணை இல்லங்களில் விருந்தினராகத் தங்கிய 1842ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் இக்கதையின் கரு அவருக்குத் தோன்றியது. ஏளனத்துக்குள்ளாகிய குஞ்சு இறுதியில் அன்னமென அறியப்படுகின்றது. அண்டர்சன் வாழ்க்கையின் உருவகமாக இதனைக் கொள்வது மரபு. 1855ஆம் ஆண்டின் சுயசரிதையில் அவரும் தம் வாழ்வை அழகிய கதையென்றே வருணித்துள்ளார்.

ஆனால் இக்கதையின் தருக்கத்தை ஆராய்தல் வேண்டும். குஞ்சு அன்னமாவது அதன் முயற்சியாலன்று, கல்வியாலுமன்று. அது அன்னத்தின் முட்டையிலிருந்து பிறந்தமையாலாகும். உண்மையான வாத்துக்குஞ்சு அவ்வாறே துன்புற்றிருப்பின் அதன் கதி யாது? கதை அதனைக் கேட்பதில்லை. பிறப்பையே தகுதியெனக் கொண்ட சமுதாயத்தால் இகழப்பட்டவர், தம் உயர்வை நியாயப்படுத்தவும் பிறப்பையே துணைக்கழைக்கின்றார். பிராண்டெஸ் இதன் முடிவைக் கண்டித்தார். காட்டு அன்னமாகப் பறக்கவேண்டியது, பூங்காவிற் சிறுவர் எறியும் பாணுக்கும் பாராட்டுக்கும் மகிழும் வீட்டுப் பறவையாகிவிட்டது என்பது அவரது குறை. 1983ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஜாக் ஸைப்ஸ் இதனை மேலுங் கொண்டு சென்றார். அண்டர்சனின் கதைகள், ஆளப்படுபவன் ஆள்வோரின் கருத்தியலைத் தன் கருத்தாக ஏற்றுக்கொண்டு பேசும் பேச்சு என்பது அவரது முடிவு.

‘அழகற்ற வாத்துக்குஞ்சு’ பற்றி இம்முடிவு பெருமளவு பொருந்தும். அதனை அண்டர்சன் முழுமைக்கும் விரிப்பது பொருந்தாது. நான்கு ஆண்டுகளின் பின், 1847ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நிழல்’ என்னும் கதையே இதற்குச் சான்று.

குளிர்நாட்டு அறிஞன் ஒருவன் வெப்பநாடொன்றிற் தங்கியிருக்கையில், அவனது நிழல் எதிர்வீட்டினுள் நுழைந்து திரும்பாது போய்விடுகின்றது. ஆண்டுகள் பல கழிந்தபின் அது செல்வந்தனாகத் திரும்பி வருகின்றது. மாந்தரின் இரகசியங்களை ஒளிந்து பார்த்து, அவற்றைக் கொண்டு அஞ்சவைத்துப் பொருளும் பட்டமும் சேர்த்துள்ளது. உண்மை, நன்மை, அழகு ஆகியன பற்றி எழுதிய அறிஞனையோ எவரும் பொருட்படுத்தவில்லை. அவன் நோயுற்று மெலிகின்றான். ஈற்றில் அறிஞனே நிழலின் நிழலாகப் பயணஞ் செய்ய நேர்கின்றது. நிழல் இளவரசியொருத்தியை மணக்கும் நாளில், உண்மையைக் கூற முற்பட்ட அறிஞன் கொல்லப்படுகின்றான்.

இக்கதையின் நடுவே ஒரு சிறு உரையாடல் உண்டு. இளமை முதல் ஒன்றாக வாழ்ந்த நாம் ஒருவரையொருவர் ‘நீ’ என அழைத்தாலென்ன என்று அறிஞன் கேட்கின்றான். நிழல் பணிவோடு மறுக்கின்றது. சாம்பல்நிறக் காகிதத்தைத் தொட்டாற் சிலருக்கு உடல் கூசுவது போல, அறிஞன் வாயால் ‘நீ’ எனக் கேட்பது தனக்கு ஒவ்வாது என்கின்றது. ஆயினும் தான் அறிஞனை ‘நீ’ என்றழைக்க இசைகின்றது. அவன் விருப்பத்திற் பாதி நிறைவேறிற்று என்றும் கூறுகின்றது. டேனிஷ் மொழியில் நெருங்கியோரை ‘டூ’ எனவும் ஏனையோரை ‘டி’ எனவும் அழைப்பது அக்கால வழக்கு. 1831ஆம் ஆண்டில், தாம் சகோதரனாகக் கருதிய எட்வேட் கொலினிடம் அண்டர்சன் இதே வேண்டுகோளை விடுத்தார். எட்வேட் கடிதமூலம் மறுத்தார். காகிதத்தின் மீதான வெறுப்பை உவமை காட்டியே அவரும் தம் மறுப்பை விளக்கியிருந்தார். அவ்வுவமை பதினாறு ஆண்டுகளாக அண்டர்சன் மனத்திற் கிடந்து கதையாகியது.

நீ, நீர், நீங்கள் எனப் படிநிலை வகுத்து வழங்கும் தமிழ் வாசகருக்கு இம்மறுப்பின் கூர்மையை எவரும் விளக்கத் தேவையில்லை. முன்னிலைக்கு ஒரே சொல்லைக் கொண்ட ஆங்கிலத்தின் வழியாக வரும்போது இது மங்கிவிடுகின்றது. ஆரம்பகால ஆங்கிலப் பெயர்ப்புக்கள் சில ஜேர்மன் மொழியிலிருந்தே செய்யப்பட்டமையும் இழப்பை அதிகரித்தது.

எட்வேட் கொலின் கொடியவரல்லர். அண்டர்சனின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தியவர், பண விவகாரங்களைக் கவனித்தவர், வாழ்நாள் முழுதும் உதவியவர். அவ்வுதவிக்குள்ளே, கடக்க முடியாத கோடொன்று இருந்தது. கொலின் குடும்பத்தின் மேசையில் அண்டர்சனுக்கு இடமுண்டு. ‘நீ’ என அழைக்கும் உரிமை இல்லை. இதனையே ‘நிழல்’ பேசுகின்றது. ஆயினும் இக்கதையில் நிழல் கொலினும் அறிஞன் அண்டர்சனும் என்று ஒருபடித்தாகக் கொள்வது தவறாகும். உயர்ந்தோர் வீட்டின் முன்கூடத்தில் ஒளிந்திருந்து, அங்குள்ளவற்றைப் பார்த்து, பட்டம் பெற்று உயர்ந்து, தன் தோற்றத்தை மறைக்கும் நிழலிலும் அண்டர்சனின் சாயல் உண்டு. உயர்ந்து வந்தவன் தன்னை உயர்த்தியவரையும் தான் விட்டு வந்தவரையும் ஒருங்கே காட்டிக்கொடுக்கக் கூடும் என்னும் அச்சம் இதன் அடியில் ஓடுகின்றது. அன்னத்தின் கதை எழுப்பாத வினாவை நிழலின் கதை எழுப்புகின்றது.

6

விட்டு வந்தவர் பற்றிய கதைகள் இரண்டு தனித்து நோக்கத்தக்கன. 1845ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அண்டர்சன் கிறோஸ்ரன் மாளிகையில் ஓகுஸ்ரன்போக் கோமகனின் விருந்தினராயிருந்தார். அங்கு நாட்காட்டி வெளியீட்டாளர் ஒருவர் மூன்று செதுக்குப் படங்களை அனுப்பி, அவற்றுள் ஒன்றுக்குக் கதை கேட்டார். நெருப்புக்குச்சி விற்கும் ஏழைச் சிறுமியின் படத்தை அண்டர்சன் தெரிந்தெடுத்தார். சிறுமியாயிருந்த தம் தாயாரைப் பெற்றோர் பிச்சையெடுக்க அனுப்பினர். கைநீட்ட மனம் வராது அவர் பாலமொன்றின் கீழ் நாள் முழுதும் அழுதுகொண்டிருந்தார் என்னும் செய்தியைச் சுயசரிதையில் அவர் குறித்துள்ளார். மாளிகையின் வெதுவெதுப்பில் எழுதப்பட்ட குளிரின் கதை ‘நெருப்புக்குச்சி விற்ற சிறுமி’. சிறுமி இறந்து பாட்டியாருடன் விண்ணுலகு செல்வதாக அது முடிகின்றது. துன்பத்துக்குக் காரணமானோர் எவரும் அதில் இல்லை. அனுதாபம் உண்டு, குற்றச்சாட்டு இல்லை. கோமகனின் விருந்தினர் எழுதக்கூடிய எல்லை அதுவாக இருக்கலாம்.

ஏழு ஆண்டுகளின் பின், 1852ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ‘அவள் எதற்கும் உதவாதவள்’ என்னுங் கதை அவ்வெல்லையைக் கடக்கின்றது. குளிர்ந்த ஆற்றில் நின்று துணி வெளுக்கும் பெண்ணுக்கு அவளது சிறுமகன் சாராயப் போத்தல் கொண்டு செல்கின்றான். தன் இல்லத்தின் சாளரத்தில் நிற்கும் நகரபிதா, அவள் எதற்கும் உதவாதவள் எனச் சிறுவனிடமே கூறுகின்றார். அன்று மாலை அவரது இல்லத்தில் விருந்து, மதுவுக்குக் குறைவில்லை. அப்பெண் இளமையில் நகரபிதாவின் பெற்றோர் வீட்டிற் பணிபுரிந்தவள். அவரது தம்பி அவளைக் காதலித்தான். வீட்டுத் தலைவி அவளை அன்போடு அழைத்து, கல்வி கற்றவனுக்கும் அவளுக்கும் இடையேயுள்ள தூரத்தை எடுத்துக்கூறி, வேறொருவனை மணக்குமாறு அறிவுரை வழங்கினாள். அவளும் இசைந்தாள். இப்போது அத்தம்பி இறந்தான் என்ற செய்தி கேட்டு நிலைகுலைந்து, ஆற்றில் விழுந்து இறக்கின்றாள். அவன் அவளுக்கும் மகனுக்குமாக விட்டுச்சென்ற 600 றிக்ஸ்டேலர் பற்றி அதன் பின்னரே தெரியவருகின்றது. சிறுவனை நல்ல தொழிலாளியாக்கலாம், அவள் இறந்தது நன்மையே என்கின்றார் நகரபிதா.

இக்கதை தம் தாயாரின் சில சொற்களிலிருந்து பிறந்ததென அண்டர்சன் குறிப்பிட்டுள்ளார். குடிக்கும் சலவைக்காரி ஒருத்தியை அயலவர் இகழ்ந்தபோது, சூடான உணவின்றிக் குளிர்நீரில் நாள் முழுதும் நிற்பவளைக் கடிந்து பேசலாகாது என்று தாயார் கூறினாராம். இங்கே கொடுமை செய்வது கொடியவரன்று. அறிவுரை கூறிய வீட்டுத் தலைவி நல்லவள். அவளது சொற்கள் கனிவானவை. கனிவான சொற்களால் ஒரு வாழ்வு அழிக்கப்படுகின்றது. புரவலர் வீட்டிற் பல்லாண்டு வாழ்ந்தவராலேயே இந்நுட்பத்தைக் காணமுடியும். அன்னத்தின் முட்டை பற்றிய பேச்சு இங்கே இல்லை. அவள் வாத்தாகவே பிறந்து வாத்தாகவே இறக்கின்றாள். எனினும் அவள் தகுதியுடையவள் என்று கதை உறுதியாகக் கூறுகின்றது.

1859ஆம் ஆண்டின் ‘சிறுவர் பேச்சு’ம் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. செல்வர் வீட்டு விருந்திற் கூடிய பிள்ளைகளுள் ஒருத்தி, ‘சன்’ என முடியும் பெயருடையோர் உலகில் எதுவும் ஆகமுடியாது என்கின்றாள். தந்தை பெயரோடு ‘சன்’ சேர்த்து வழங்குவது டேனிஷ் பொதுமக்களின் பெயர் மரபு. கதவிடுக்கால் அதனைக் கேட்டு நின்ற ஏழைச் சிறுவன் பின்னர் உலகப் புகழ்பெற்ற சிற்பி தோர்வால்ட்சன் ஆகின்றான். கதையை எழுதியவர் பெயரும் ‘சன்’ என்றே முடிகின்றது.

7

அண்டர்சனின் வரையறைகளை மறைத்தல் தகாது. அவர் புரட்சியாளரல்லர். அரசரிடத்து என்றும் விசுவாசமுடையவர். அநீதிக்கு விண்ணுலகிலே தீர்வு காணும் சமய உணர்வு அவரது பல கதைகளின் முடிவை நெகிழச் செய்துவிடுகின்றது. 1872ஆம் ஆண்டின் தொகுதியொன்றிலே வந்த ‘தோட்டக்காரனும் எசமானரும்’ என்னுங் கதையில் இந்நிலையின் இறுதி வடிவத்தைக் காணலாம். வேறிடங்களிற் சுவைத்த சிறந்த பழங்களை வியக்கும் எசமானர், அவை தம் தோட்டத்திலேயே தம் தோட்டக்காரன் லார்சனால் விளைவிக்கப்பட்டவை என்பதை அறிந்ததும் மகிழ்ச்சி குன்றுகின்றனர். லார்சன் சினங்கொள்வதில்லை, வேலையைத் தொடர்கின்றான். எள்ளல் முழுவதும் எசமானர் மீதே விழுகின்றது. ஆனால் தோட்டம் அவர்களுடையதாகவே இருக்கின்றது.

1867ஆம் ஆண்டில் ஓடென்சே நகரம் அண்டர்சனைத் தன் கௌரவப் பிரசையாக்கித் தீபாலங்காரஞ் செய்து வரவேற்றது. தாயார் வறியோர் இல்லத்தில் இறந்த நகரம் அதுவே. அன்னத்தின் கதை இவ்வரவேற்போடு முடிவடைகின்றது. அவரது நாட்குறிப்புக்கள் 1970களில் அச்சேறியபோது, இத்துணைப் பெருமைகளின் நடுவிலும் அவமதிப்புக்களை எண்ணி உறக்கமிழந்த மனிதரொருவர் வெளிப்பட்டார். அம்மனிதரைக் கதைகள் முன்னரே காட்டியிருந்தன.

கல்வியாலும் பிறர் உதவியாலும் தான் பிறந்த இடத்தைவிட்டு உயர்ந்து செல்பவனுக்கு இரு கதைகள் திறந்துள்ளன. தான் என்றுமே அன்னமாயிருந்தவன் எனக் கூறிக்கொள்வது ஒன்று. அவ்வாறு கூறும்போது ஆற்றில் நிற்கும் தாய் கதையிலிருந்து நீங்கிவிடுகின்றாள். அவளும் தகுதியுடையவளே எனச் சாட்சி கூறுவது மற்றது. அண்டர்சன் இரண்டையும் எழுதினார். உலகம் முதலாவதைப் பாடநூலில் வைத்தது. இரண்டாவதைத் தேடி வாசிப்பது விமர்சனத்தின் கடமையாகும்.